வெளியே நின்று சாப்பிட்டவர்கள்

ஓஸ்லோ
ஜூன் 15, ஞாயிறு காலை

அன்புள்ள எல்ட்ரிட்டுக்கு,

இங்கே நான் நலம். இடது முழங்கால் மட்டும் மாடிப்படியில் என்னோடு ஒத்துழைக்க மறுக்கிறது. நீயும் சுன்னிவாவும் நம் பேரன் குட்டி எஸ்கிலும் வான்கூவரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று மாலை எப்படியும் போன் செய்யப்போகிறாய், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் நாலு நிமிடம் எஸ்கில் கத்துகிறான். அது எனக்குப் பிடித்த நாலு நிமிடம்தான், குறை சொல்லவில்லை. மூன்று நிமிடம் அந்த ஊர் மழையையும் இந்த ஊர் மழையையும் ஒப்பிடுகிறோம். மிச்ச நேரத்தில் "சரி, அப்புறம்?" என்று நீ கேட்கிறாய், "அப்புறம் ஒன்றுமில்லை" என்று நான் சொல்கிறேன். நேற்று நடந்ததைச் சொல்ல அந்த இடம் போதாது. கேட்டுவிட்டு நீ பேசாமல் இருந்தால் அதைத் தாங்கவும் எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் காகிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. கட்டடத்துக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டியிருக்கிறார்கள். சமையலறை ஜன்னலை நெட் போட்டு மூடிவிட்டதால் வெயில் உள்ளே வருவதில்லை, நான் காலையில் விளக்குப் போட்டுக்கொண்டு காபி குடிக்கிறேன். பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன மூன்று ஜெரேனியச் செடியில் ஒன்று பிழைத்திருக்கிறது. எது எது போயிற்று என்று கேட்காதே. கீழ்வீட்டு லீஸ்னே அம்மா உன்னை விசாரித்தார். உன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, காற்றடித்து, சாய்த்து வைத்திருக்கிறேன். கட்டடத்துப் பொதுச் சலவை அறையின் முறைப் பலகையில் வியாழக்கிழமைக்கு நேரே இன்னும் உன் பெயர்தான் இருக்கிறது. என் பெயரை எழுதி மாட்டச் சொன்னார்கள். சரி என்றேன். மாட்டவில்லை.

இனி நேற்றைய விஷயம்.

நேற்று ஜூன் பதினாலு. நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை. போன ஞாயிறு போனில் இரண்டு பேருமே அதைச் சொல்லாமல் சுற்றிப் போனோம்.

நமக்குக் கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடம். முதல் வருடம் உன் கைப்பையில் ஒரே ஒரு நூறு குரோனர் நோட்டு இருந்தது. இதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் இன்று இரவு நாம் ராஜா ராணி மாதிரி இருக்கவேண்டும் என்றாய். இருந்தோம். நூறு பிறகு இருநூறாகி, ஐந்நூறானதும் நின்றுவிட்டது. சம்பளம் ஏறியபோது இரண்டு நோட்டாக எடுத்துப் போகலாம் என்று ஒரு தடவை சொன்னேன். நீ என்னைத் திட்டினாய். "காசு இருந்தா எவன் வேணா ஜாலியா இருந்துட்டுப் போவான் ஹால்வோர். அதுல என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கு?" அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுக்க உன்னுடையது என்பது எனக்கு நேற்றுதான் புரிந்தது. தியேட்டரில் விற்காமல் கிடக்கும் சீட்டை எந்த நேரத்தில் போய்க் கேட்டால் பாதி விலைக்குத் தருவார்கள், எந்தத் தேவாலயத்தில் ஆர்கன் கச்சேரி இலவசம், எந்த மதுவிடுதியில் ஏழு மணிக்கு முன்னால் பியர் மலிவு என்று எல்லாம் உன் தலைக்குள் இருந்தது. நான் பக்கத்தில் நடந்துவந்தவன், அவ்வளவுதான்.

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். நாலு மணிக்கு இஸ்திரிப் பலகையை ஏன் விரித்தேன் என்று தெரியவில்லை. நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். தேய்த்த சட்டையோடு ஒரு மனிதன் வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இறங்கியதுமே முதல் அடி. பூங்காவில் உட்கார்ந்து குடிக்க வழக்கம்போல இரண்டு பியர் வாங்கலாம் என்று மூலைக் கடைக்குப் போனால், பியர் அலமாரிக்குத் திரை போட்டு மூடியிருந்தது. மணி ஆறு எட்டு. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு என்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கவேண்டும். "சனிக்கிழம ஆறு மணிக்கே மூடிடுவோம்ல, பெரியவரே. வெளியூரா நீங்க?" என்று கேட்டாள். அறுபத்துநாலு வருடமாக இந்த ஊர்க்காரன், அதில் முப்பத்தோரு வருடம் இந்த ஊரின் நடுவே டிராம் ஓட்டியவன். "ஆமாம்மா, வெளியூர்தான்" என்றேன். உனக்குத் தெரியுமா, ஒரு வருடம்கூட அந்த ஆறு மணியை நான் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. ஐந்தரைக்கு நீ என் கையில் பையைத் திணிப்பாய், நான் போவேன்.

பியர் இல்லாமல் பூங்காவில் ஒரு சுற்றுச் சுற்றினேன். புல்வெளி பூராவும் பிள்ளைகள் அலுமினியத் தட்டு அடுப்பில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே புகை. உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுக் கையில் ஒன்றைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கொடுக்கமாட்டார்களோ என்றும் இருந்தது. நடந்துகொண்டே இருந்தேன்.

கால் தானாக அந்த உணவகத்துக்குப் போயிற்று. எது என்று எழுதவேண்டியதில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் மெனு அட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே ஒரு சின்ன விளக்குப் போட்டிருப்பார்களே, அதுதான். இப்போதும் அதே விளக்கு. முப்பது வருடமாக அந்த அட்டை முன்னால் நின்றுதான் நாம் இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறோம். உனக்கு மான் கறி, எனக்கு ஹாலிபட் மீன், அல்லது வருடத்தின் நிலவரப்படி மாற்றி. சாஸ் கனமாக இருக்கும் என்று நீ சொல்வாய், போன வருடத்தைவிடச் சுமார் என்று நான் சொல்வேன். முடித்ததும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டிக்காட்டிவிட்டுப் போய்த் தெருமுனைக் கடையில் ஆளுக்கொரு சாசேஜ் வாங்கிக்கொள்வோம்.

நேற்றும் நின்றேன். "என்ன சொல்ற, மீனா, கறியா?" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தபோதுதான் அது எனக்கே கேட்டது. வெட்கத்தில் அட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஹாலிபட், நானூற்று அறுபத்தைந்து. என் பையில் ஐந்நூறு. எத்தனையோ வருடம் இரண்டு பேருக்குப் பத்தாத நோட்டு ஒரு ஆளுக்கு மிச்சமே விழுகிறது. எல்ட்ரிட், அது சந்தோஷமான கணக்காக இருந்திருக்கலாம். எனக்கு அப்படி இல்லை.

உள்ளே போனேன். இதை நான் உன்னிடம் ஒப்புக்கொள்ளவேண்டும். நீ இல்லாமல் உள்ளே போனேன்.

தனியாகத்தானா என்று கேட்டுவிட்டு ஒரு பையன் என்னைச் சுவரோர மேசையில் உட்காரவைத்தான். பிறகு தண்ணீர் கொண்டுவந்தது ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டிய வயது, நரைத்த குட்டை முடி, சட்டையில் வென்கே என்று பெயர். தண்ணீரை ஊற்றியவர் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நீங்கதானே அந்த ஜூன் மாசத்துக்காரர்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வருஷா வருஷம் வெளியில நின்னு மெனு படிச்சிட்டுப் போவீங்களே! ரெண்டு பேரா! இருபத்திரண்டு வருஷமா பார்க்கிறேன் உங்கள. வெளிய இருக்கிறவங்களுக்கு உள்ள இருக்கிறது தெரியாது. எங்களுக்கு எல்லாம் தெரியும்."

அவர்கள் பந்தயம் கட்டுவார்களாம், எல்ட்ரிட். நாம் எதைத் தேர்ந்தெடுப்போம் என்று. சமையல்காரர் எப்போதும் மீனுக்குக் கட்டுவார், வென்கே கறிக்கு. "உங்க வீட்டம்மா கண்ணாடில விரல வச்சுட்டு மேலயும் கீழயும் ஓட்டுவாங்க பாருங்க, உள்ள எங்களுக்கு மூச்சு நின்னுடும். ஒரு வருஷம் இனிப்புல கொண்டுபோய் விரல வச்சாங்க. எல்லார் காசும் போச்சு!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாம் நம் இரண்டு பேருக்கு மட்டும் ஆடிய கூத்துக்கு உள்ளே ஒரு கூட்டமே காத்திருந்திருக்கிறது. போன வருடம் நாம் வரவில்லை என்று அவர்கள் கவனித்திருக்கிறார்கள். பதினாலாம் தேதி பத்து மணி வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.

பிறகு அவர் கேட்டார். "எங்க அவங்க? சிவப்பு ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு வருவாங்களே?"

நான் சொன்னது இதுதான். ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன். "அவ இப்ப இல்ல."

கனடாவில் இருக்கிறாள், இங்கே இல்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அதற்குப் பின்னால் பேரன், மகள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வென்கேயின் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. முகம் அப்படியே விழுந்தது. "ஐயோ" என்றார். "ஐயோ, எனக்குத் தெரியாதே. எப்ப?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். "போன வருஷம் ஏப்ரல்ல" என்றேன். அதுவும் உண்மைதான், நீ விமானம் ஏறியது போன வருடம் ஏப்ரலில்தான். அவர் என் தோளில் கை வைத்தார்.

ஏன் திருத்தவில்லை என்று இரவு முழுக்க யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் பெருமைப்படும்படி இல்லை. என் தோளில் ஒரு கை வந்து பதினாலு மாதம் ஆகிறது. ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்து, நீ எவ்வளவு தனியாக இருக்கிறாய் என்று புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார். பெண்டாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அந்தக் கை அங்கே வந்திருக்காது. நீ ஊருக்குப் போயிருக்கிறவளா, என்னை விட்டுப் போயிருக்கிறவளா என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு நான் எதைச் சொல்வது? ஆனால் இதெல்லாம் இன்று காலை கண்டுபிடித்த சமாதானம். நேற்று நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மீன் வந்தது. வெண்ணெயில் பொரித்து, மேலே ஏதோ பச்சைத் தழை, பக்கத்தில் சின்னச் சின்ன உருளைக்கிழங்கு. நன்றாக இருந்தது. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது. சாஸ் கனமாக இல்லை. நாம் முப்பது வருடம் அதைத் தப்பாகச் சொல்லியிருக்கிறோம். கேட்காமலே ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் வந்தது. சாப்பிட்டு முடித்ததும், நான் சொல்லாமலே, ஒரு கிண்ணத்தில் மஞ்சள் மூல்டே பழமும் கிரீமும் வந்தன. கூடவே சமையல்காரரும் வந்தார். குண்டான மனிதர், பெயர் தூர்கைர். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இருபது வருஷம் எங்களுக்கு ஓசியில படம் காட்டியிருக்கீங்க. இன்னைக்கு உங்ககிட்ட காசு வாங்கமாட்டோம்" என்றார்.

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் என் விரல்களை நோட்டோடு சேர்த்து மடக்கிவிட்டார். நான் நன்றி சொன்னேன். எல்ட்ரிட், உன் சாவுக்கு அனுதாபமாகக் கொடுத்த பழத்தைத் தின்றுவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு, ஐந்நூறு குரோனர் பைக்குள் அப்படியே இருக்க, நான் தெருவுக்கு வந்தேன். இந்த ஊரில் இவ்வளவு மலிவாக ஒருவன் ஒரு மாலையைக் கழித்ததே கிடையாது.

அங்கிருந்து ஓபரா வீட்டுக் கூரைக்குப் போனேன். வெளிச்சம் குறையவே இல்லை. வெள்ளைக் கல் சரிவில் சனமான சனம். கீழே தண்ணீரில் மிதக்கும் சௌனா நீராவிக் குளியலறையிலிருந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். நீ சொல்வாயே, இந்த ஊரில் பணக்காரனுக்கும் நமக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பது இந்தக் கூரை மட்டும்தான் என்று. மேலே ஏறி, காற்றுப்படாத மூலையில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருப்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அப்போதுதான் பயம் வந்தது. எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். ஆனாலும், உயிரோடு இருக்கிறவளைச் செத்துப்போனதாக விட்டுவிட்டு வந்திருக்கிறேனே, இந்த நேரத்தில் அவளுக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு. வந்ததும் போகமாட்டேன் என்றது. மணி பத்தரை. உங்களுக்குப் பகல் ஒன்றரை. போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. பிள்ளையை வெளியே கூட்டிப் போகும்போது நீ போனைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுப் போவாய் என்று எனக்குத் தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறாய். தெரிந்தும் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்து கீழே இறங்கினேன். இந்த முழங்காலோடு நான் ஓடி நீ பார்த்திருக்கமாட்டாய். ஓட்டம் என்று சொல்லமுடியாது, ஆனால் நடை இல்லை.

உணவகத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வென்கே வாசலில் இருந்த பலகையை உள்ளே தூக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நான் போய் நின்றதும், எதையோ மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்து, "கண்ணாடியா? குடையா?" என்றார்.

"அவ சாகல" என்றேன்.

பலகையைக் கீழே வைத்தார்.

"கனடாவுல இருக்கா. பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு, பாத்துக்கப் போயிருக்கா. அவ இங்க இல்லன்னுதான் நான் சொன்னேன். நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்க. நான் அப்படியே விட்டுட்டேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நான் பின்னால போய் அழுதேன், தெரியுமா? நீங்க மீன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப, பாத்திரம் கழுவுற இடத்துல நின்னு அழுதேன். அந்த விரல இனிமே பாக்கமுடியாதேன்னு."

மன்னித்துக்கொள்ளச் சொன்னேன்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். மொதல்ல உள்ள வாங்க, பில் போடறேன்" என்றார். கோபம்தான். ஆனால் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. போட்டார். மீன், ஒயின், பழம், ஒன்றையும் விடவில்லை. நோட்டைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்குக் கார்டைத் தேய்த்தேன். ஒரே நோட்டு என்று நீ போட்ட விதியை உடைத்த முதல் வருடம் இது. உள்ளே தூர்கைரிடம் அவர் விஷயத்தைச் சொல்வதும், அந்த மனிதர் வெடித்துச் சிரிப்பதும், "அந்தம்மா உயிரோட இருக்காங்களாம்டா!" என்று பாத்திரம் கழுவுகிறவனிடம் கத்துவதும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் இன்னும் ஒரு நோட்டுக் கொடுத்திருப்பேன்.

ரசீதை நீட்டிக்கொண்டே வென்கே கேட்டார். "சரி, அவங்க கனடாவுல இருக்காங்க. பேரன் கனடாவுல இருக்கான். அப்ப நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நான் டிராம் ஓட்டுறேன்" என்றேன். வாய் பழகிப்போயிருக்கிறது.

பிறகு, "ஓட்டிட்டு இருந்தேன்" என்றேன். "மார்ச்சோட ஓய்வு வாங்கிட்டேன்."

அவர் "ஓ" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து என்னை வழியனுப்பிவிட்டு மெனு அட்டையின் விளக்கை அணைத்தார்.

ஆமாம், எல்ட்ரிட். மார்ச்சோடு. மூன்று மாதமாக, ஒவ்வொரு ஞாயிறும், "நாளைக்கு முதல் ஷிப்ட், சீக்கிரம் படுக்கணும்" என்று உன்னிடம் நான் சொல்வது பொய். கேக் வெட்டினார்கள், ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அன்று இரவே உனக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்தேன். அந்தப் பக்கம் நீயும் சுன்னிவாவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நீ அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. சொல்லவில்லை. இப்போதும் நாலரைக்கு எழுந்துவிடுகிறேன். முதல் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போகிறேன், பயணியாக. அதிலேயே திரும்பி வருகிறேன். ஓட்டுகிற பிள்ளைகள் கண்ணாடியில் பார்த்துத் தலையசைக்கிறார்கள். அவர்களும் ஒன்றும் கேட்பதில்லை.

ஏன் மறைத்தேன் என்றால், எனக்கு ஒளிந்துகொள்ள அந்த டிராம் ஒன்றுதான் இருந்தது. போன வருடம் ஏப்ரலில் விமான நிலைய ரயிலுக்கு நிற்கும்போது நீ கேட்டாய். "நீயும் வாயேன் ஹால்வோர்." நான் சொன்னேன். "நான் வந்துட்டா டிராம யார் ஓட்டுவா?" என்னவோ இந்த ஊருக்கே நான் ஒருவன்தான் ஓட்டுநர் என்கிற மாதிரி. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பதினாலு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது சிரிப்பாக இல்லை. அதற்குப் பிறகு நீ இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஆகஸ்டில் வருவதாக இருந்தாய், கிறிஸ்துமஸுக்கு என்று ஆயிற்று, பிறகு டிக்கெட் விலை அதிகம் என்றாய். நானும் ஆமாம், அதிகம்தான் என்றேன். ஐந்நூறு குரோனரில் இந்த ஊரையே வளைத்தவள் நீ. டிக்கெட் விலையைச் சொல்லி நிற்கிறவளா என்று அப்போதே நான் கேட்டிருக்கவேண்டும். விலை வெறும் சாக்குதான் என்று நீ சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு உன் செய்தி வந்தது. பூங்காவில் இருந்தோம், ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாயே, எல்லாம் சரிதானே என்று. வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தின்மேல் நின்று படித்தேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று எழுத்தில் பார்த்ததும் அதையே மூன்று தடவை படித்தேன். ஆனால் பதில் என்ன போட்டேன்? "எல்லாம் சரி. தவறிக் கை பட்டுவிட்டது." அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, யாரோ ஒரு உணவகத்துப் பெண்மணியிடம் ஓடிப்போய்ச் சொன்ன உண்மையை உன்னிடம் சொல்லவில்லை என்று. அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

இது உன் கைக்கு வந்துசேரப் பத்து நாளாவது ஆகும். இன்று மாலை நீ கூப்பிடும்போது நான் வழக்கம்போல மழையைப் பற்றித்தான் பேசுவேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். கடிதம் வரும்வரைக்கும் அந்த ஹால்வோரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சுன்னிவா வீட்டில் இரண்டே அறை என்று தெரியும். எனக்குச் சோபா போதும். நாலரைக்கு எழுந்துவிடுகிற ஆள், விடியற்காலையில் எஸ்கில் அழுதால் நான் தூக்கிக்கொள்வேன், நீங்கள் இரண்டு பேரும் தூங்கலாம். இங்கே திரும்பி வர உனக்கு இஷ்டம் இல்லை என்றாலும் எனக்குச் சம்மதம்தான். அதை நீ எழுதவேண்டாம். வா என்றும் எழுதவேண்டாம். உன்னை இரண்டாவது தடவை கேட்கவைக்க எனக்கு இனி உரிமை இல்லை.

எஸ்கிலுக்கு என் முத்தம். அவன் நன்றாக வளரட்டும். சுன்னிவாவுக்கு அலுப்பில்லாத நாட்கள் அமையட்டும். நீ மழையில் நனையாமல் இரு. செப்டம்பர் மாதம் அங்கே குளிர் எப்படி இருக்கும், கனமான கோட்டு வேண்டுமா, மெல்லியது போதுமா, அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

உன்
ஹால்வோர்